பித்தளை வளையம் கேட்கும் எண்ணெய்

அண்ணன் மகளுக்குப் பட்டர்வொர்த்தில் வேலை கிடைத்தது. முதல் மூன்று மாதச் சம்பளம் கைக்கு வந்ததும் பழைய புரோட்டான் சாகா ஒன்றை வாங்கிவிட்டாள். அதுவும் மேனுவல் கியர். அவளுடைய தோழிகள் பலர் ஆட்டோ கியர் கார் மட்டும் ஓட்டுவதற்கான உரிமம் வைத்திருப்பவர்கள் என்பதால், அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. போன வாரம் பினாங்குப் பாலத்தைக் கடந்து என் வீட்டுக்கு வந்தவள் கேட்டாள்:

“சித்தப்பா, கியர் எண்ணெய் மாற்ற வேண்டுமாம். கடையில் நான்கைந்து வகை வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் கியர் ஆயில் என்றுதான் எழுதியிருக்கிறது. எதை வாங்குவது?”

“காரின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறது?”

“கையேடா? காரோடு ஸ்பேர் டயரே வரவில்லை.”

அவளைச் சமையலறைக்கு அழைத்துப் போய் இரண்டு எவர்சில்வர் தம்ளர்களை எடுத்துக் கொடுத்தேன். நீங்களும் செய்து பார்க்கலாம். மேலே அகன்று கீழே குறுகும் தம்ளர்களாக இருக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றை வைத்து அழுத்துங்கள். இப்போது உள்ளே இருப்பதைத் திருகினால் வெளியே இருப்பதும் கூடவே சுற்றும். பிரித்தெடுத்து, உள்தம்ளரின் வெளிப்புறத்தில் நல்லெண்ணெய் பூசி மறுபடி அழுத்துங்கள். முதலில் வழுக்கும். எண்ணெய் பிதுங்கி விலகிய பிறகே பிடிக்கும். விளக்கெண்ணெய் பூசினால் அந்தத் தாமதம் இன்னும் கூடும். கியர் எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள சிக்கல் முழுவதும் இந்த இரண்டு தம்ளர்களுக்கு நடுவில் இருக்கிறது.

கியர் கம்பியைத் தள்ளும்போது பல்சக்கரங்கள் இடம் மாறி ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். இன்றைய கார்களில் முன்னோக்கிச் செல்லும் கியர்களின் பல்சக்கரங்கள் எப்போதும் கோத்தபடியேதான் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சக்கரம் தன் தண்டின் மீது பிடிப்பின்றி, சும்மா சுழல்கிறது. நாம் இரண்டாவது கியர் போட்டால், இரண்டாவது ஜோடியில் அப்படிச் சும்மா சுழலும் சக்கரம் தண்டோடு பூட்டப்படுகிறது. அந்தப் பூட்டு, ஸ்லீவ் எனப்படும் ஒரு வளையம். அது நகர்ந்து, சக்கரத்தின் பக்கவாட்டில் உள்ள சிறிய பற்களின் மேல் ஏறி அமர்கிறது.

அங்கேதான் தொல்லை. தண்டு ஒரு வேகத்தில் சுற்றுகிறது, சக்கரம் வேறொரு வேகத்தில் சுற்றுகிறது. அப்படியே ஸ்லீவை ஏற்றினால் பற்கள் மோதி ‘கர்ர்ர்’ என்று கத்தும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றாவது கியரில் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றுகிறது. கார் அதே வேகத்தில் போகும்போது இரண்டாவது கியருக்கு இறங்கினால், இன்ஜினிலிருந்து கியர்பாக்ஸுக்குள் வரும் தண்டு ஏறத்தாழ 3,000 சுற்றுக்கு உயர வேண்டியிருக்கும். கிளட்சை மிதித்திருப்பதால் இன்ஜின் துணைக்கு வராது. அந்தத் தண்டையும், அதோடு சேர்ந்த கிளட்ச் தட்டையும், கோத்திருக்கும் சக்கரங்களையும் கண் இமைக்கும் நேரத்தில் வேகப்படுத்த யாராவது வேண்டும்.

அந்த வேலையைச் செய்வதுதான் சின்க்ரோனைசர். சக்கரத்தின் பக்கத்தில் எஃகாலான ஒரு கூம்பு இருக்கும். அதன் மேல் கவிழ்த்த தம்ளரைப் போல ஒரு பித்தளை வளையம். நீங்கள் கம்பியைத் தள்ளியதும் ஸ்லீவ் முதலில் இந்த வளையத்தைக் கூம்பின் மேல் அழுத்துகிறது. உராய்வினால் இரண்டின் வேகமும் சமமாகிறது. சமமாகும் வரை வளையத்தின் ஓரத்துப் பற்கள் ஸ்லீவை உள்ளே விடாமல் மறித்து நிற்கின்றன. வேகம் சமமானதும் வழி விடுகின்றன, ஸ்லீவ் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. இந்த ஏற்பாட்டின் ஆரம்ப வடிவத்தைக் காடிலாக் நிறுவனம் 1928இல் தன் கார்களில் கொண்டுவந்தது. அதற்கு முன் ஓட்டுநர்கள் கியருக்குக் கியர் கிளட்சை இரண்டு முறை மிதித்து, நடுவே ஆக்ஸிலரேட்டரைத் தட்டி, வேகத்தைத் தாங்களே சமப்படுத்தினார்கள். பழைய லோரி ஓட்டிய பெரியவர்களைக் கேளுங்கள், அந்தத் தாளம் இன்னும் அவர்கள் காலில் இருக்கும்.

ஆக, கியர்பாக்ஸ் என்ற ஒரே பெட்டிக்குள் இரண்டு எதிரெதிர்த் தேவைகள். பல்சக்கரங்களுக்கும் பேரிங்குகளுக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் அறுபடாமல் நிற்க வேண்டும். அதே எண்ணெய் பித்தளை வளையத்துக்கும் கூம்புக்கும் நடுவிலிருந்து நொடிப்பொழுதில் விலகிப் போக வேண்டும். வளையத்தின் உட்புறத்தில் தலைமுடியைப் போன்ற நுண்ணிய வரிப்பள்ளங்கள் வெட்டியிருப்பது எண்ணெயை அறுத்து வெளியேற்றுவதற்காகத்தான். கியர் எண்ணெய் என்றால் எவ்வளவு வழுவழுப்போ அவ்வளவு நல்லது என்று நினைப்பவர்கள் பாதிப் பெட்டியை மட்டும் பார்க்கிறார்கள்.

நானும் அப்படிப் பார்த்தவன்தான். பல வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு புரோட்டான் விரா இருந்தது. கியர் எண்ணெய் வாங்கப் போன இடத்தில் ஜி.எல்.-4 என்று ஒரு டின், ஜி.எல்.-5 என்று இன்னொரு டின். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. நான்கைவிட ஐந்து உயர்வுதானே என்று ஐந்தை நான்கு லிட்டர் டின்னாகவே வாங்கி வந்து, நானே ஊற்றினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பாலிக் பூலாவுக்கு டுரியான் சாப்பிடக் கிளம்பினோம். துன் சர்டோன் சாலையின் வளைவுகளை அறிந்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு வளைவிலும் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கியாக வேண்டும். முதல் வளைவில் கியர் தயங்கியது. மூன்றாவது வளைவில் கத்தியது. மேலே அஞ்சோங் இண்டாவை அடைவதற்குள், பின் இருக்கையில் இருந்த மாமியார் முருகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்.

அந்த எண்கள் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு என்பதைப் போன்ற படிகள் அல்ல. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏ.பி.ஐ. வகுத்தவை அவை, எந்த வேலைக்கு எந்த எண்ணெய் என்பதைச் சொல்கின்றன. ஜி.எல்.-5 முதன்மையாக ஹைப்பாய்ட் பல்சக்கரங்களுக்கானது. வேன், பிக்கப், லோரி ஆகியவற்றின் பின் அச்சு நடுவே பூசணிக்காய் போல ஓர் உருண்டை இருக்கும், பார்த்திருப்பீர்கள். இன்ஜின் விசையை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் அதற்குள்தான் இருக்கிறது, அதைச் சுழற்றுபவை அவை. அங்கே பற்கள் உருள்வதோடு ஒன்றின் மேல் ஒன்று பலமாகத் தேய்ந்து நகரவும் செய்கின்றன. வெறும் எண்ணெய்ப் படலம் அந்த அழுத்தத்தைத் தாங்காது. அதனால் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மங்களைச் சேர்க்கிறார்கள். சூடும் அழுத்தமும் ஏறும் இடத்தில் இவை எஃகோடு வினைபுரிந்து மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உண்டாக்கும். உலோகம் உலோகத்தோடு ஒட்டிக் கிழியாமல் அந்தப் படலம் காக்கும். கியர் எண்ணெய் டின்னைத் திறந்தால் மூக்கைத் துளைக்கும் அழுகிய முட்டை வாடை இந்தக் கந்தகச் சேர்மங்களுடையது. ஜி.எல்.-5இல் இவற்றின் அளவு, ஜி.எல்.-4இல் இருப்பதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

இது பித்தளை வளையத்துக்கு இரண்டு வழிகளில் ஆகாது. ஒன்று, வினைத்திறன் மிகுந்த கந்தகம் சூட்டில் செம்பையும் செம்புக் கலவைகளையும் அரிக்கும். பித்தளை செம்புக் கலவை. சமையலறையில் புளியும் பித்தளையும் படும் பாட்டை அறிந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இணையத்தில் நடக்கும் சண்டைகள் எல்லாம் இந்த அரிப்பைப் பற்றித்தான். இன்றைய ஜி.எல்.-5 எண்ணெய்கள் பலவற்றில் கந்தகத்தை அடக்கிவைக்கும் சேர்மங்களும் உண்டு, செம்புத் தகட்டை ஊறவைத்துப் பார்க்கும் சோதனையில் அவை தேறியும் விடுகின்றன. ஆகவே, “இப்போதைய எண்ணெய் பித்தளையைத் தின்னாது, தாராளமாக ஊற்றுங்கள்” என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் என் விராவுக்கு நடந்தது. அரிப்பு இல்லாவிட்டாலும் உராய்வு குறைகிறது. வளையம் கூம்பைப் பற்ற முடியாமல் வழுக்குகிறது. வேகம் சமமாவதற்குள் நம் கை கம்பியைத் தள்ளிவிடுகிறது. அரிக்கப் பல மாதங்கள் ஆகலாம், வழுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். எல்.எஸ். என்ற எழுத்துகளோடு வரும் டின்கள் இதில் இன்னும் மோசம். அவை, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலுக்காக உராய்வை வேண்டுமென்றே மாற்றி அமைத்தவை.

இன்னொரு கண்ணி, ‘ஜி.எல்.-4/ஜி.எல்.-5’ என்று இரண்டையும் சேர்த்துப் போட்டிருக்கும் டின். இரண்டு வேலைக்கும் பார்த்துப் பார்த்துச் செய்த எண்ணெயும் அந்தப் பெயரில் வருகிறது. ஜி.எல்.-5இன் சுமையைத் தாங்கினால் ஜி.எல்.-4இன் சுமையையும் தாங்கும்தானே என்ற கணக்கில் அச்சடித்ததும் அந்தப் பெயரில் வருகிறது. டின்னைப் பார்த்து எது எதுவென்று சொல்ல முடியாது. உங்கள் கார் ஜி.எல்.-4 கேட்டால், ஜி.எல்.-4 என்று மட்டும் போட்டிருக்கும் டின்னை வாங்குங்கள். நான் ஏறி இறங்கும் கடைகளில் அலமாரி நிறைய ஐந்துதான் இருக்கும். நான்கைக் கேட்டால் உள்ளே போய்த் தூசி தட்டி எடுத்து வருவார்கள். பொறுமையாக நில்லுங்கள்.

அடுத்தது கெட்டித்தன்மை. டின்னில் 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90, 85டபிள்யூ-140 என்று போட்டிருக்கும். “இன்ஜினுக்கே 40தான் ஊற்றுகிறேன், இதற்கு 90 ஊற்றினால் தார் மாதிரி இருக்காதா?” என்று அண்ணன் மகளும் கேட்டாள். இருக்காது. இன்ஜின் எண்ணெய்க்கும் கியர் எண்ணெய்க்கும், வாகனப் பொறியாளர்களின் சங்கமான எஸ்.ஏ.இ. இரண்டு வேறு அளவுகோல்களை வைத்திருக்கிறது. கியர் எண்ணெயின் 90, நன்றாகச் சூடேறிய நிலையில், இன்ஜின் எண்ணெயின் 40 அல்லது 50க்கு அருகில்தான் வரும். துணியை மீட்டரில் அளப்பதும் முழத்தில் அளப்பதும் போல. எண்ணை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவோம்.

டபிள்யூவுக்கு முன்னால் வரும் எண் குளிரில் எண்ணெய் எவ்வளவு இறுகும் என்பதைக் குறிக்கிறது. 75டபிள்யூவை உறைநிலைக்குக் கீழே 40 டிகிரியில் சோதிக்கிறார்கள். நமக்கோ விடியற்காலையில்கூட 23, 24 டிகிரிதான். அப்படியானால் அந்த எண் நமக்குத் தேவையே இல்லையா? முழுக்க அப்படியும் இல்லை. 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90 இரண்டும் சூட்டில் ஒரே வகுப்பு என்றாலும், காலையில் வண்டியை எடுக்கும் நேரத்தில் முன்னது பொதுவாக இன்னும் நீர்த்திருக்கும். வளையத்தின் அடியிலிருந்து சீக்கிரம் விலகும். முதல் இரண்டு மூன்று கிலோமீட்டரில் கியர் போடும் கைக்கு அது தெரியும். 85டபிள்யூ-140ஐ ஒரு சிறிய காரின் கியர்பாக்ஸில் ஊற்றினால் நம் ஊர் வெயிலிலும் விளக்கெண்ணெய் பூசிய தம்ளர் கதைதான். “பழைய கார், கெட்டியாக ஊற்றினால் சத்தம் அடங்கும்” என்று சொல்லி அதை ஊற்றுபவர்கள் உண்டு. சத்தம் கொஞ்சம் அடங்கலாம், அதற்கான விலையைச் சின்க்ரோ கொடுக்கும். அதற்காகக் குறித்ததைவிட நீர்க்க ஊற்றுவதும் சரியல்ல. கியர் சுலபமாக விழும், ஆனால் பற்களுக்கும் பேரிங்குகளுக்கும் நடுவே படலம் மெலிந்துபோகும்.

முன்சக்கர இழுவைக் கார்களில் டிஃபரன்ஷியலும் கியர்பாக்ஸோடு ஒரே கூட்டுக்குள், ஒரே எண்ணெயில் கிடக்கிறதே, அதற்கு ஜி.எல்.-5 வேண்டாமா? இன்ஜின் குறுக்காக அமர்ந்திருக்கும் சாகா, விரா, கன்சில், மைவி போன்றவற்றில் அந்த டிஃபரன்ஷியலைச் சுழற்றுவது சாய்பல் சக்கரம், ஹைப்பாய்ட் அல்ல. அதற்கு ஜி.எல்.-4 போதும். மாறாக, இன்ஜினை நீளவாக்கில் வைத்து நான்கு சக்கரங்களையும் இழுக்கும் சுபாரு கார்களில் ஹைப்பாய்ட் சக்கரமும் சின்க்ரோவும் ஒரே எண்ணெயைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அதனால் சுபாருவின் கையேடுகள் மேனுவல் பெட்டிக்கே ஜி.எல்.-5 கேட்கின்றன. அதற்கேற்ப வளையத்தையும் அவர்கள் அமைத்திருக்கிறார்கள். பழைய ஹோண்டா கார்களின் கியர்பாக்ஸ் சாதாரண இன்ஜின் எண்ணெய் கேட்டது, பின்னால் வந்தவை மேனுவல் பெட்டிக்கென்று அந்த நிறுவனம் தரும் எம்.டி.எஃப். எண்ணெயைக் கேட்கின்றன. ஆட்டோ கியருக்கான ஏ.டி.எஃப். எண்ணெயில் ஓடும் மேனுவல் பெட்டிகளும் உண்டு, அவற்றில் சிலவற்றின் வளையங்களில் நார்ப்பொருள் ஒட்டியிருக்கும். வளையத்தின் பொருளையும் எண்ணெயையும் ஜோடி சேர்த்தே வடிவமைக்கிறார்கள். அதனால்தான், “எதுதான் சிறந்த கியர் எண்ணெய்?” என்று பொதுவாகக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எந்தக் காருக்கு என்று சொன்னால் பேசலாம். கப்சாய் எனப்படும் சிறிய மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். அதில் சின்க்ரோவும் இல்லை, தனிக் கியர் எண்ணெயும் இல்லை. இன்ஜின் எண்ணெயே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது.

கையேடு இல்லாதவர்கள் காரின் மாடல், ஆண்டு, இன்ஜின், கியர்பாக்ஸ் எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு அதே மாடலின் சர்வீஸ் கையேட்டைத் தேடலாம், அல்லது நிறுவனத்தின் சேவை மையத்தில் கேட்கலாம். பட்டறை மெக்கானிக்கான போமென் சொல்வதையும் கேளுங்கள், ஆனால் ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: “அண்ணே, இது நான்கா, ஐந்தா?” அவர் உடனே பதில் சொன்னால் நல்ல பட்டறை. “எல்லாம் ஒன்றுதான்” என்றால் டின்னை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள்.

எண்ணெய் மாற்றும் முன், குற்றம் எண்ணெயுடையதுதானா என்று பார்த்துக்கொள்வது நல்லது. இன்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியர்களையும் போட்டுப் பாருங்கள். அணைத்த நிலையில் எல்லாம் எளிதாக விழுந்து, ஓடும்போது எல்லாமே முரண்டு பிடித்தால், கிளட்ச் முழுவதும் விடுபடவில்லை என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். ரிவர்ஸ் மட்டும் கத்துகிறதா? பல கார்களில் ரிவர்ஸுக்குச் சின்க்ரோ கிடையாது. வண்டி முழுவதும் நின்று, கிளட்சை மிதித்து ஒன்றிரண்டு விநாடி பொறுத்துப் போட்டால் சரியாகிவிடும். ஒரே ஒரு கியர் மட்டும், பெரும்பாலும் இரண்டாவது, எப்போதும் கத்தினால் வளையமே தேய்ந்திருக்கும். புதிய எண்ணெய் அதைச் சில மாதம் சமாதானப்படுத்தலாம், தேய்ந்த உலோகத்தைத் திருப்பித் தராது.

மாற்றும் வேலை கடினமில்லை. சிறிது தூரம் ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்த வேண்டும். வடிக்கும் திருகைத் தொடுவதற்கு முன் ஊற்றும் திருகைக் கழற்றுங்கள். வரிசையை மாற்றினால், எண்ணெய் எல்லாம் வடிந்த பிறகு மேல் திருகு துருவில் இறுகிக் கிடப்பதைக் கண்டுபிடிப்பீர்கள், வண்டியை இழுத்துக்கொண்டு போக வேறொரு வண்டி வேண்டியிருக்கும். பெரும்பாலான சிறிய கார்களில் ஊற்றும் துளையின் விளிம்பு வரை நிரம்பிச் சொட்டத் தொடங்கினால் அளவு சரி. வடிந்த எண்ணெயைப் பாருங்கள். திருகின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது வழக்கமானது. பொன்னிறத் துகள் மினுமினுத்தால் அது வளையத்தின் பித்தளை. நகத்தில் தட்டுப்படும் எஃகுச் சில்லு இருந்தால் பெட்டியைத் திறக்க வேண்டியதுதான். பால் கலந்த தேநீர் நிறத்தில் வடிந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெள்ளத்தில் ஓடிய கார்களில் இதைப் பார்க்கலாம். சூடான பெட்டி தண்ணீர் பட்டுச் சட்டென்று குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மூச்சுத்துளை வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. 2017 நவம்பர் வெள்ளம் போல இன்னொன்று வந்து, காரின் கியர்பாக்ஸ் வரை தண்ணீர் ஏறியிருந்தால், கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் எண்ணெயை மாற்றிவிடுங்கள். வடித்ததை லொங்காங்கில், அதாவது சாக்கடையில், ஊற்றாதீர்கள். மலேசியச் சட்டப்படி அது அட்டவணைக் கழிவு, அதாவது அபாயகரமான கழிவுகளின் பட்டியலில் உள்ளது. மூடிய டின்னில் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் சேர்த்து அனுப்பிவிடுவார்கள்.

என் விராவிலிருந்து அந்த ஜி.எல்.-5ஐ வடித்துவிட்டு, கையேடு சொன்ன ஜி.எல்.-4ஐ ஊற்றினேன். கத்தல் பெரும்பாலும் நின்றது. ஆனால் பழைய எண்ணெய் மூலைமுடுக்குகளில் தங்கியிருந்ததாலோ என்னவோ, சில வாரங்கள் வரை இரண்டாவது கியர் விழுவதற்கு ஒரு கணம் யோசித்தது. டின்னில் மீதியிருந்த இரண்டு லிட்டர் ஐந்தாம் எண் எண்ணெயைப் பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் கொடுத்தேன். அவர் தம் பழைய வேனின் பின் அச்சில் ஊற்றிக்கொண்டார். அவருக்கு வேண்டியிருந்தது அதுதான்.